சேலம் மாடியில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்: நடுவது முதல் குட்டி பிரிப்பது வரை

ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது பல வீடுகளுக்கு ஓர் ஆர்க்கிட் தொட்டியும் சேர்ந்து வந்துவிடுகிறது. இரண்டு மாதம் பூ நிற்கும். மூன்றாம் மாதம் இலை மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். ஆறாம் மாதம் தொட்டி காலி. வெயிலூர் என்பதால் செடி தாகத்தில் போனது என்று தோன்றும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் அழுகி நூல் நூலாகக் கிடக்கும். சேலத்தில் ஆர்க்கிட் வளர்ப்பதில் பாதி வேலை வேரைக் காயவிடக் கற்றுக்கொள்வதுதான். மீதிப் பாதி, அப்படிக் காயும் வேரைச் சுற்றி இருக்கும் காற்றை ஈரமாக வைத்திருப்பது.

வேரைப் பார்க்கப் பழகுங்கள்

டென்ட்ரோபியம் மண்ணில் வளரும் செடி இல்லை. காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுச்செடி. புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சாது. கிளை அதற்கு உட்கார ஓர் இடம், அவ்வளவே. மழை பெய்தால் வேர் நனையும், மழை விட்டதும் காற்று உலர்த்திவிடும். அந்த வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி வேரின் மேல் வெலமென் என்று ஒரு பஞ்சு உறை இருக்கிறது.

காலையில் ஒரு வேரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி மாதிரி மங்கலான வெள்ளை. கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஓரிரு நிமிடத்தில் கண்ணெதிரே பச்சையாகும். உறை தண்ணீரைக் குடித்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறை மூடாமல் வழவழப்பாக, இளம்பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். அதுதான் வளரும் முனை. அது தெரிந்தால் செடி வேலை செய்கிறது என்று பொருள். எல்லா நுனியும் வெள்ளையாக மூடிக்கொண்டிருந்தால் ஓய்வில் இருக்கிறது. நுனி கருகியிருந்தால் தண்ணீரில் உப்பு, அல்லது உரம் அதிகம். உரம் போடுவது, தொட்டி மாற்றுவது, தண்டில் முளைக்கும் குட்டிச் செடியைப் பிரிப்பது எல்லாவற்றையும் இந்த நுனியைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மலை ஏறி முடிப்பதற்குள் 7, 8 டிகிரி குறைந்துவிடும். ஒரே டென்ட்ரோபியம் பேரினத்துக்குள்ளேயே இந்த இரண்டு ஊருக்கும் வெவ்வேறு செடிகள்தான் சரிவரும்.

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கம் இருப்பவர்கள் நர்சரியில் டென்ஃபால் என்று சொல்லும் கலப்பின வகையை வாங்குங்கள். கல்யாண மேடையில் ஊதாவும் வெள்ளையுமாக நீளமாக நிற்கும் 'சோனியா' இந்த இனம்தான். இரவிலும் சூடு இருந்தால் அதற்குப் பிடிக்கும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் இலையை உதிர்த்து அப்படியே நின்றுவிடும். அதனால் ஏற்காட்டு மார்கழிக் குளிரில் இதைத் திறந்தவெளியில் வைக்கக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு நோபிலி என்ற டென்ட்ரோபியம் வகை. பூக்க அதற்குக் குளிரும் வறட்சியும் சேர்ந்து வேண்டும். நவம்பர் கடைசியிலிருந்து உரத்தை முழுக்க நிறுத்தி, தண்டு சுருங்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தால் குளிர் முடியும்போது கணுவுக்குக் கணு பூ வரும். அதே நோபிலியைச் சேலத்தில் வைத்தால் மொட்டு வர வேண்டிய கணுவில் குட்டிதான் வரும். மலையிலும் குளிர்காலத்தில் உரம் போட்டால் இதே கதைதான்.

வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்காதீர்கள். மூன்று தண்டாவது இருக்க வேண்டும், அடியில் ஒரு புதுமுளை இருக்க வேண்டும், செடியை மெதுவாக அசைத்தால் தொட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். செடி மட்டும் தனியாக ஆடினால் உள்ளே வேர் இல்லை.

சேர்வராயன் மலைக் காட்டில் மரத்தில் இருக்கும் ஆர்க்கிட்டைப் பிய்த்து வருவது இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அப்படி விற்பவரிடம் வாங்கவும் செய்யாதீர்கள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். மலைக் குளிருக்குப் பழகிய செடி சேலம் ஏப்ரலைத் தாங்காது என்பதால் எடுத்ததிலும் பயன் இல்லை. நம் மலை ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசையென்றால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

தொட்டிக்குள் என்ன போடுவது

மண் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவுத் தூள் வேண்டாம். மண்புழு உரம் வேண்டாம். தூளாக இருக்கும் எதுவும் வேருக்குக் காற்றை மறைக்கும்.

மூன்று பொருள் போதும். முதலாவது மரக்கரி. சீமைக்கருவேலக் கரி கெட்டியாக இருப்பதால் நல்லது. 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, கறுப்புத் தூள் போகும்வரை அலசுங்கள். மாவாக்கி அச்சில் அழுத்திய கரிக்கட்டி ஊறினால் கரைந்து சேறாகும், அது உதவாது. இரண்டாவது ஓட்டுச்சில்லு. பழைய நாட்டு ஓடு, உடைந்த மண்தொட்டி எதுவானாலும் சரி, அதே அளவு. இதையும் ஊறவைத்தே போடுங்கள். காய்ந்த ஓடு முதல் நாளிலேயே வேரின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். தினமும் தண்ணீரை மாற்றி மூன்று நாள் ஊறவைத்தால் நான்காம் நாள் தண்ணீர் டீ நிறத்திலிருந்து தெளிந்துவிடும். தெளியாவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஊறட்டும்.

சேலத்துக்கு அளவு: கரி 5 பங்கு, ஓடு 3, மட்டை 2. ஏற்காட்டில் மூடுபனியே ஈரத்தைப் பிடித்துவைக்கும், மட்டையை விட்டுவிடலாம். மட்டை இரண்டு வருடத்தில் மட்கிப் பிசுபிசுப்பாகும், அப்போது கலவையை மாற்றியே ஆக வேண்டும். கரியும் ஓடும் மட்டும் போட்டால் மூன்று, நான்கு வருடம் தாங்கும்.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். நான்கு தண்டுச் செடிக்கு 4 அல்லது 5 அங்குலம் போதும். செடி வளர இடம் வேண்டுமே என்று 8 அங்குலத் தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் காயவே காயாது. பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டி சேலத்துக்கு மிகப் பொருத்தம். ஈரம் கசிந்து ஆவியாகும்போது வேரும் குளிர்ந்திருக்கும்.

நடும் முறை

வாங்கி வந்த செடி பெரும்பாலும் இறுக்கமான மட்டைக் கட்டிக்குள் இருக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் வைத்துவிட்டு, வேரை உடைக்காமல் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருப்பது உயிர் வேர். கொழகொழவென்று நசுங்கி, உறை உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர், அதை வெட்டுங்கள். கத்தியின் அலகைத் தீயில் காட்டி ஆறவைத்த பிறகுதான் செடியில் வைக்க வேண்டும், ஒவ்வொரு செடிக்கும் மறுபடியும் தீயில் காட்ட வேண்டும். ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ் பெரும்பாலும் வெட்டுக்கத்தி வழியாக ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகிறது. வந்த பிறகு மருந்தே கிடையாது.

மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வேரை 10 நிமிடம் நனைத்து, நிழலில் ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். பிறகு தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிய ஓட்டுத் துண்டுகள். செடியை நடுவில் வைக்காமல், பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதுமுளை நடுவை நோக்கியும் இருக்கும்படி வையுங்கள். டென்ட்ரோபியம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். அதற்குப் போக இடம் வேண்டும். தண்டுகளை இணைக்கும் கிடைத்தண்டு கலவைக்கு மேலே வெளியே தெரிய வேண்டும். அதை மூடினால் புதுமுளை அழுகும்.

கடைசியாக ஒரு குச்சி நட்டுத் தண்டுகளை அதோடு தளர்வாகக் கட்டுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் செடி ஆடும் ஒவ்வொரு முறையும் புது வேர்நுனி ஓட்டில் உரசி ஒடிகிறது. முதல் ஐந்து நாள் தொட்டிக்குள் தண்ணீர் வேண்டாம், காலையில் இலைமேல் தூவல் போதும்.

மாமரமோ பலாவோ இருப்பவர்கள் நேராக மரத்திலேயே கட்டலாம். சொரசொரப்பான பட்டை வேண்டும். கொய்யா மாதிரி பட்டை உரியும் மரம் ஆகாது. கிழக்குப் பக்கக் கவட்டையில் பருத்திக் கயிற்றால் ஆடாமல் கட்டி, தினமும் இரண்டு முறை நனைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். கயிறு தானாக மட்கிப்போகும்.

வெளிச்சமும் தண்ணீரும்

கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் அதிர்ஷ்டம். மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை மேற்குப் பக்கம் இன்னொரு வலை. உச்சிவெயிலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் வெயில் அதிகம். ஓரம் மங்கிய நிழல் சரியான அளவு. நிழலே தெரியாவிட்டால் பூ வராது. கரும்பச்சையில் பளபளக்கும் இலை பார்க்க அழகு, ஆனால் அது வெளிச்சம் போதாத செடி. கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சைதான் பூக்கும் செடியின் நிறம்.

தொட்டியைத் தளத்தில் வைக்காதீர்கள். சேலத்துக் கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை விடும். மூன்றடி உயரத்தில் கம்பியில் தொங்கவிட்டு, கீழே நனைத்த சாக்கை விரித்துவையுங்கள், அல்லது செங்கல் போட்டுத் தண்ணீர் நிரப்பிய தட்டை வையுங்கள். மதியம் சாக்கை மறுபடி நனைத்தால் செடியைச் சுற்றி ஈரக்காற்று இருக்கும், வேர் நனையாது.

தண்ணீர் காலை எட்டு மணிக்குள். அடியில் ஒழுகும்வரை ஒரு முறை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. கோடையில் தினமும், மற்ற நாட்களில் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடை சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்குக் கீழே கொண்டுபோய்விடுங்கள். இருட்டிய பிறகு ஒருபோதும் ஊற்றாதீர்கள். தண்டின் உச்சியில் இலைக்கவட்டில் தேங்கும் நீர் இரவு முழுக்க நின்றால் அங்கிருந்து அழுகல் தொடங்கும்.

எந்தத் தண்ணீர் என்பது இன்னும் முக்கியம். மாவட்டத்தின் பல இடங்களில் போர்த் தண்ணீர் கடினமானது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு வந்தால் அதே உப்பு வேரிலும் படிகிறது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, 300-க்குள் இருந்தால் கவலை இல்லை, 500-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மழைநீர் முதல் தரம். காவிரிக் குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்த வாளியில் வைத்துப் பயன்படுத்தலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்குப் பிடித்துவைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் மூல நீரைவிட உப்பு அதிகம். ஆர்க்கிட்டுக்கு அதை ஒரு நாளும் ஊற்றாதீர்கள்.

உரம்

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு முறை, வேர்நுனி பச்சையாக இருக்கும் காலத்தில் மட்டும். முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்துவிட்டு அரை மணி கழித்து உரநீர். காய்ந்த வேரில் நேராக ஊற்றினால் நுனி கருகும். புதுத்தண்டு வளர்ந்து முடிந்து உச்சியில் கடைசி இலை விரிந்ததும் சாம்பல் சத்து அதிகமுள்ள 13:0:45-க்கு மாறுங்கள், அதே 1 கிராம். மாதம் ஒரு வாரம் உரம் இல்லாமல் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவுங்கள். பஞ்சகவ்யத்தை மரத்தில் கட்டிய செடிக்கு வடிகட்டித் தெளிக்கலாம். தொட்டிக்கு வேண்டாம், கரியின் இடுக்கெல்லாம் பாசியும் கசடும் அடைத்துக்கொள்ளும்.

ஒன்றைப் பலவாக்குவது

இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைக் காய்ந்தது என்று வெட்டிவிடுகிறார்கள். அது செத்ததில்லை. பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும்வரை செடியின் தண்ணீர்த் தொட்டியும் சாப்பாட்டு மூட்டையும் அதுதான். அடுத்த வருடம் அதிலேயே மறுபடி பூ வரலாம், குட்டியும் வரலாம்.

குட்டி என்பது தண்டின் மேல்கணுவில் தானாக முளைக்கும் சின்னச் செடி. ஹவாய் மொழியில் குழந்தை என்ற பொருளில் கெய்கி என்பார்கள். முதலில் கணுவில் ஒரு பச்சை மூக்கு நீட்டும். பூமொட்டா குட்டியா என்று சில நாள் தெரியாது. இரண்டு இலை எதிரெதிராகப் பிரிந்தால் குட்டி. ஐந்தாறு வாரத்தில் அடியிலிருந்து வெள்ளை வேர்கள் காற்றில் தொங்கத் தொடங்கும். அவசரப்படாதீர்கள். குறைந்தது மூன்று வேர், ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர், குட்டிக்கென்று சொந்தமாகச் சின்னத் தண்டும் திரண்டிருக்க வேண்டும். பிறகு தாய்த்தண்டில் குட்டிக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. இரண்டு சென்டிமீட்டர் தண்டுத் துண்டோடு எடுப்பது பிடுங்குவதைவிட நல்லது. தாய்த்தண்டின் வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். வேரில் அது படக் கூடாது, வேரை உலர்த்திக் கொன்றுவிடும். 3 அங்குலத் தொட்டியில் சின்னக் கரித்துண்டுகளில் வைத்து, ஒரு மாதம் கூடுதல் நிழல். பூக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும்.

ஒரு செடியில் எல்லாத் தண்டிலும் ஒரே சமயம் குட்டி வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அடிவேர் அழுகியிருக்கலாம், தாய் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மேலே வேர் தேடுகிறது. தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

சீக்கிரம் பூ வேண்டுமென்றால் பெரிய செடியையே பாகங்களாகப் பிரித்து நடுவதே சிறந்த வழி, அடுத்த பருவத்திலேயே பூக்கும். குறைந்தது எட்டுத் தண்டு இருந்தால்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் குறைந்தது மூன்று, நான்கு தண்டும் ஒரு முளையும் இருக்கட்டும். இரண்டிரண்டாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் எதுவும் இரண்டு வருடத்துக்குப் பூக்காது. நேரம்: கோடை மழைக்குப் பின், ஜூன், ஜூலையில், புதுமுளையின் அடியில் வேர் ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும் வாரம். அந்த வேர் நீளமாகிவிட்டால் மாற்றும்போது ஒடியும். வரும் முன்பே பிரித்தால் பிடிமானம் இல்லாமல் செடி வாடும். அடைமழைக் காலத்தில் வெட்டினால் காயம் ஆறாது.

தண்டுத் துண்டு மூன்றாவது வழி. பூக்காத கணு உள்ள பழைய தண்டை இரண்டு, மூன்று கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டுங்கள். பூத்து முடிந்த கணு முளைக்காது. வெட்டுவாயை ஒரு நாள் ஆறவிட்டு, பிழிந்த ஸ்பாக்னம் பாசி பரப்பிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கவைத்து நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். பூஞ்சை வந்த துண்டை உடனே எடுத்துவிடுங்கள். ஆறு முதல் பத்து வாரத்தில் முளை தெரியும். எல்லாத் துண்டும் முளைக்காது என்பதால் ஒரே தண்டை நம்பாமல் நான்கைந்து துண்டு வையுங்கள்.

விதையை வீட்டில் முயல வேண்டாம். ஒரு காயில் தூசி போல ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், ஆனால் ஒன்றிலும் முளைக்கத் தேவையான சாப்பாடு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டிவிடுகிறது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899-இல் கண்டுபிடித்தது இதைத்தான். 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் முளைக்கவைத்தார். அதற்குக் கிருமியே இல்லாத கண்ணாடிக் குடுவையும் ஆய்வகமும் வேண்டும்.

கெட்டுப்போனால்

தண்டு சுருங்கினால் காரணம் இரண்டு, அவை நேரெதிரானவை: தண்ணீர் குறைவு, அல்லது வேர் அழுகித் தண்ணீர் ஏறவில்லை. வேரைப் பார்க்காமல் சொம்பை எடுக்காதீர்கள். வேர் கெட்டியாக இருந்தால் ஊற்றுங்கள். அழுகியிருந்தால் வெட்டி, புதுக்கலவையில் நட்டு, தூவலில் வைத்திருங்கள்.

முளை கறுத்து நீர் கோத்து, தொட்டால் குழைந்து நாறினால் அது மழைக்கால அழுகல். நல்ல திசுவில் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தை லிட்டருக்கு 3 கிராம் கரைத்துத் தெளித்து, செடியைத் தனியே காற்றோட்டத்தில் ஒரு வாரம் தண்ணீரின்றி வையுங்கள்.

ஏப்ரலில் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் மங்கினால் செஞ்சிலந்தி. வறண்ட காற்றில்தான் பெருகும். மூன்று நாளுக்கு ஒரு முறை இலையின் அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி அடங்கும். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது. இலையுறையை உரித்துப் பார்த்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லியும் சில சொட்டுச் சோப்புத் திரவமும் கலந்து மாலையில் அடியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை அடித்தால்தான் பொரிக்கும் குஞ்சும் போகும்.

மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்வது பெரும்பாலும் வெயில் காற்றால், அல்லது மொட்டு வந்த செடியை இடம் மாற்றியதால். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. மாம்பழ சீசனில் வீட்டுக்குள் வைக்கோலில் காய் பழுக்க வைத்திருப்போம். பழுக்கும் காய் விடும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் மொட்டை உதிர்த்துவிடும். பூந்தண்டு வந்த தொட்டியை மாங்கூடை இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.